பனியில் நின்ற பதினோரு டிரெய்லர்

குளிர்காலத்தில் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு கை போதாது மக்கா. வேலை செய்ய ஒரு ஜோடி வேண்டும், அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி வேண்டும். ஜெயசெல்வி கையுறையின் வலது விரல் நுனிகளைக் கத்தரித்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்வாள். கம்பளி மூடிய விரலால் ஸ்கேனர் பொத்தானை அமுக்க முடியாது. கதவு ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் வெளியிலிருந்து வருகிற காற்று அந்த வெட்டிய நுனிகளைத்தான் முதலில் தேடி வரும்.

நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் எட்டு-ஏ எக்ஸிட் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டுகிற மட்டும் வெள்ளைச் சுவர்க் கிடங்குகள். அதில் ஒன்று தண்ணீர் ஃபில்டர் செய்கிற கம்பெனியுடையது. லாரிகள் வந்து ஒட்டி நிற்கிற அதன் பத்தாம் கதவில் ஜெயசெல்விக்கு வேலை. சரக்கு அடுக்கிய மரத்தட்டுகள், கிடங்குப் பாஷையில் கட்டைகள், டிரெய்லருக்குள் போகும்போது எண்ணிப் பார்த்து, கதவை மூடி, பிளாஸ்டிக் சீல் போட்டு, சீல் நம்பரை ஸ்லிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபோர்க்லிப்ட் இடித்து எந்தக் கட்டையின் உறையாவது கிழிந்திருந்தால் அப்படியே விட அவளுக்கு மனசு வராது. இடுப்பில் தொங்கும் பச்சை டேப்பை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றிவிடுவாள். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

பாளையங்கோட்டையில் எம்.காம். படித்தவள். கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம். வேலை செய்ய அனுமதி வருவதற்கே பாதிக்காலம் போய்விட்டது. இந்த வேலையும் தங்கை புருஷன் பெனிஷ் வாங்கிக் கொடுத்ததுதான். அவன் அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவுக்கே தலைவன். மாடியில் கண்ணாடி அறை.

வீட்டில் பெனிஷ் அவளை "மயினி" என்பான். சாயர்புரத்துப் பக்கம் பெண்டாட்டியின் அக்காவை அப்படித்தான் கூப்பிட வேண்டும். கம்பெனியில் மட்டும் "ஜே". சேர்ந்த முதல் நாளே தங்கை ஸ்டெஃபி போனில் சொல்லிவிட்டாள், "எக்கா, அங்கன சொந்தம்னு யார்ட்டயும் சொல்லிக்கிட வேண்டாம், என்ன? அவ்வொளுக்கு ஒரு மாதிரி இருக்கும்." இரண்டு வருஷமாக ஜெயசெல்வி சொல்லிக்கொள்ளவில்லை. பெனிஷ் காரிலிருந்து இறங்கி நடந்து போவதைப் பத்தாம் கதவிலிருந்து பார்ப்பாள். அவன் கண் அந்தக் கதவைக் கடந்து போகும், நிற்காது.

ஸ்டெஃபி அமெரிக்கா வந்தது இவளுக்கு மூன்று வருஷம் கழித்து. வெஸ்ட் வின்ட்சரில் நாலு பெட்ரூம் வீடு வாங்கியது வந்த நாலாம் வருஷம். ஜெயசெல்வியும் பால்துரையும் இன்னும் அதே அபார்ட்மெண்டில், அதே இரண்டாம் மாடியில். துணி துவைக்கக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். கால் டாலர் குவார்ட்டர் காசு போட்டால்தான் மெஷின் சுற்றும். தங்கை வீட்டு ஃபிரிட்ஜ் வெளிப்பக்கத்திலேயே ஐஸ் கொட்டும். தாகமே இல்லாமல் அதில் இரண்டு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்திருக்கிறாள் ஜெயசெல்வி. சபைக்கு ஸ்டெஃபி புதுக் கோட்டோடு வந்தால் ஜெபத்தின்போது கண்ணை மூடிக்கொண்டே அதன் விலையைக் கூட்டிப் பார்ப்பாள். ஆராதனை முடிந்து, "நல்லாருக்குட்டி, ஒனக்கு எடுப்பா இருக்கு" என்று தடவிக் கொடுப்பாள். எரிகிறதும் தடவுகிறதும் ஒரே ஆள்தான் மக்கா. அவளும் கெட்டவள் இல்லை.

டிசம்பர் முப்பத்தொன்று. மதியத்துக்கு மேல் பாதிப் பேர் லீவு போட்டுக் கிளம்பியிருந்தார்கள். மூன்று மணிக்கு பெனிஷ் கீழே இறங்கி வந்தான். அதுவரை கிடங்கில் அவன் கால் பட்டதே இல்லை. பளபளக்கிற ஷூ, கழுத்து வரை கோட்டு. ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவரும் ஷிஃப்ட் மேனேஜரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மயினி!" என்றான் சத்தமாக.

ஜெயசெல்விக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று உறைக்கவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"உங்களத்தான் மயினி. சாப்ட்டியளா?"

"சாப்ட்டேன்... சார்."

"என்ன சாரு? நம்ம வீட்டு ஆளு நீங்க." ஷிஃப்ட் மேனேஜர் பக்கம் திரும்பி, இவங்க எங்கள் குடும்பம் என்று இங்கிலீஷில் சொன்னான். அந்த மனிதர் தொப்பியைத் தொட்டார். ஜெயசெல்விக்குக் காது மடல் சூடாகிவிட்டது, அந்தக் குளிரில்.

"ஒரு ஒத்தாச மயினி. டெக்சாஸ் கஸ்டமர் பதினோரு டிரெய்லர் எடுக்காவ. இன்னைக்குத் தேதிக்குள்ள எல்லாம் கம்பெனி கேட்டத் தாண்டிரணும். நீங்க சீல் போட்டு ஸ்லிப்ல கையெழுத்து போட்டுருங்க. உங்க கை சுத்தம்னு எனக்குத் தெரியும்."

"எடுக்க வந்த டிரைவர் எங்க தம்பி? ஸ்லிப்ல அவரு பேரு எழுதணும்லா?"

"வெளிய வெயிட் பண்ணுதாவ. நம்ம லோக்கல் வண்டி கொண்டுபோய் அவங்ககிட்ட குடுத்துரும். எம்மேல நம்பிக்க இல்லையா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல தம்பி."

ஒன்பதாவது டிரெய்லரில் ஒரு கட்டையின் மூலை கிழிந்திருந்தது. பச்சை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஏழு மணிக்குள் பதினோரு சீல், பதினோரு ஸ்லிப். ஒவ்வொன்றிலும் 'கஸ்டமரின் வண்டியில் ஒப்படைக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே தன் பேரை முழுசாக எழுதினாள். வந்து இழுத்துப் போனதெல்லாம் ஒரே உள்ளூர் வண்டி, ஒரே டிரைவர். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்தான். அதை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரியும் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பால்துரையிடம் அதைத்தான் முதலில் சொன்னாள். அவர் ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், ஆறு மணி ரயிலுக்கு வந்துவிடுவார். அடுப்படி மேடையில் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லார் முன்னாலயும் மயினின்னு கூப்ட்டாவங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சொந்தத்தச் சொந்தம்னு கூப்பிடக் காரணம் வேணுமா?"

"ரெண்டு வருசமா இல்லாத சொந்தம்லாட்டி, அதான் கேட்டேன்" என்று அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

புத்தாண்டு சாயங்காலம் தொடங்கிய பனி இரண்டாம் தேதி காலை வரை கொட்டியது. அதற்கப்புறம் வெயில் அடித்தும் உருகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆட்டுக்கறி வாங்கப் போகிற வழியில், ரூட் ஒன் தர்ட்டியில் சிக்னல் விழுந்தது. இடப்பக்கம் மூடிப்போன ஒரு கார்ப்பெட் கடை. அதன் பின்னால் வெள்ளை டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. ஜெயசெல்வி சும்மாதான் எண்ணினாள். பதினொன்று.

"வண்டிய அந்தப் பார்க்கிங் லாட்டுக்குள்ள விடுங்க."

"கறிக்கடைல கூட்டம் வந்துரும்ட்டி."

"விடுங்கங்கேன்."

இறங்கி நடந்தாள். பனி கணுக்காலுக்கு மேல் புதைந்தது. சபைக்குக் கட்டிய சேலையின் கரை நனைந்தது. டிரெய்லர்களைச் சுற்றி ஒரு டயர் தடம் கிடையாது, ஒரு மனுஷக் காலடி கிடையாது. கூரை மேல் ஒரு முழம் பனி, வைத்த மாதிரியே இருந்தது. முதல் கதவில் தொங்கிய சீல் நம்பரைத் துடைத்துப் பார்த்தாள். கடைசி மூன்று எண் அறுநூற்று நாற்பது. அடுத்தது நாற்பத்தொன்று. அவள் கைப்பட எழுதிய எண்கள். டெக்சாஸ் போகவேண்டிய சரக்கு, எட்டு-ஏயிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் படுத்துக் கிடந்தது.

அந்தப் பனிக்குள் நின்றுகொண்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது மக்கா. என்னென்று முழுதாகப் புரியும் முன்பே, கள்ளம் என்பது மட்டும் புரிந்துவிட்டது. நாக்கடியில் பனங்கற்கண்டு ஊறுகிற மாதிரி ஒரு இனிப்பு. நாலு பெட்ரூம், ஐஸ் கொட்டுகிற ஃபிரிட்ஜ், ஸ்டெஃபியின் ஒட்டகநிறக் கோட்டு, எல்லாம் இங்கே நிற்கிறது. போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள். ஸ்டெஃபிக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'உன் வீட்டு நாலு பெட்ரூமும் இங்கன பனியில நனையுதுட்டி. வந்து எடுத்துட்டுப் போ.'

காருக்குள் ஏறியதும் பால்துரையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எஞ்சினை ஓடவிட்டபடியே கேட்டார்.

"கேளு. பங்குச் சந்தைக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஒரு நம்பர் சொல்லிருப்பாவ, இம்புட்டு சம்பாதிப்போம்னு. கொறஞ்சா ஷேர் விழும். அதுக்காவ கஸ்டமர் வாங்காத சரக்க வாங்கிட்டாவன்னு எழுதிருக்காவ. கேட்டத் தாண்டி ஒரு எடத்துல ஒளிச்சு வச்சிட்டா வித்த கணக்கு."

"அப்போ அவரு மாட்டுவாருல்லா?" அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

"கஸ்டமர் எடுத்துட்டான்னு ஸ்லிப்ல யாரு கையெழுத்து இருக்கு?"

 சேலைக்கரையிலிருந்து பனி உருகி மிதியடியில் சொட்டியது.

"கிரீன் கார்டு ஃபைல் பாதில கெடக்கு செல்வி" என்றார் பால்துரை மெதுவாக. "பொய்க் கையெழுத்துன்னு ஒரு கேஸ் வந்தா நம்ம கத என்ன?"

கறிக்கடைக்கு அவர்கள் போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஸ்டெஃபி வந்தாள். எப்போதும் கையில் ஏதாவது டப்பா இருக்கும், அன்று வெறுங்கை. ஜெயசெல்வி அடுப்படித் தொட்டியில் சாளை மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எக்கா."

"வா. கோட்ட அங்கன போடாத, மீனு நாறும். வெல கூடின கோட்டு."

ஸ்டெஃபி கோட்டைத் தரையிலேயே போட்டாள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு இன்னொரு கத்தியை எடுத்து அக்கா பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் சின்ன வயசில் அம்மாவோடு நின்ற அதே வாக்கில் மீன் கழுவினார்கள். 

"அந்தப் போட்டோவ வேற யாருக்கும் அனுப்பலைலா?"

"அனுப்புனா?"

"வெளையாடாதக்கா. நாள மறுநாள் ஆடிட்டர் வாராவ. ரெண்டு ஸ்லிப்ப எடுத்து வச்சிருக்காவளாம், ரெண்டுலயும் ஒன் பேரு. ஒன்ட்ட கேப்பாவ. ஆமா, டெக்சாஸ் வண்டி வந்து எடுத்துச்சுன்னு ஒத்த வார்த்த சொல்லிரு. மாசக் கடைசிக்குள்ள சரக்க நெசமாவே வித்துருவாவ."

"எத்தன நாளா நடக்கு இது?"

ஸ்டெஃபி மீனின் குடலை உருவினாள். "ஜூன்ல ரெண்டு வண்டி. ஒரு மாசத்துல சரியாயிரும்னாவ. ஜூலை வியாபாரத்த ஜூன்லயே எடுத்துட்டா ஜூலைல என்ன இருக்கும்? அப்போ செப்டம்பர்ல அந்தப் பள்ளத்தையும் சேத்து மூடணும், அஞ்சு வண்டி. இப்போ பதினொண்ணு. மார்ச்ல எத்தனையோ."

"ஒனக்குத் தெரிஞ்சே இருந்துருக்கு."

"தெரிஞ்சுதான். நாலு பெட்ரூம்னு எழுதுனியே, அதுல எதுலயாவது அந்த மனுசன் தூங்குதாருன்னா நெனைக்க? பாத்ரூம்ல போய் வாந்தி எடுக்காவ. வெளிய வந்து பிள்ளைகள்ட்ட கேஸ் டிரபிள்ங்காவ."

"ஐயோ பாவம். ஐஸ் வாட்டர் குடிக்கச் சொல்லு."

ஸ்டெஃபியின் கத்தி நின்றது, கண் நிறைந்தது. "ஒனக்கு என் வீட்டு மேல எப்பமும் ஒரு கண்ணுதான்க்கா. ஃபிரிட்ஜ்ல தண்ணி பிடிக்கும்போது ஒன் மூஞ்சிய நான் பாத்துருக்கேன். எனக்கு மட்டும் இல்லைன்னா நெனைக்க? ஒன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தான் இந்த மேடைல சாஞ்சு வெங்காயம் உரிச்சிட்டு இருப்பாவ. ஏதாவது சொல்லுவாவ, நீ சிரிப்ப. அதப் பாத்துட்டு வீட்டுக்குப் போனா எனக்கு ரெண்டு நாளைக்கு நெஞ்சு எரியும்."

ஜெயசெல்வி அப்படியே நின்றாள். அவள் வயசுக்கு யாரும் அவளைப் பார்த்து எரிந்ததில்லை. தங்கை அழுதுகொண்டிருக்கிறாள், வீடு போகப்போகிறது, அந்த நேரத்திலும் அந்த வார்த்தை உள்ளே போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. வேறு பக்கம் பேச்சைத் திருப்பினாள்.

"ஆபீஸ்ல நான் சொந்தம்னு சொல்லக்கூடாதுன்னியே, எதுக்குட்டி?"

"சொந்தக்காரங்கள வேலைக்கு வச்சா ஃபார்ம்ல எழுதணுமாம். அவ்வொ எழுதல, அதான்..."

"அதுக்காவ இல்ல. நெசத்தச் சொல்லு."

ஸ்டெஃபி குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். "வெக்கமாத்தான் இருந்துச்சுக்கா. சரக்கு ஏத்துத எடத்துல அக்கா நிக்கான்னு சொல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு."

"கையெழுத்து வேணுங்கும்போது மட்டும் மயினி."

ஸ்டெஃபி தரையில் குனிந்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்று குழம்பில் ஜெயசெல்வி உப்பை மறந்துவிட்டாள். பால்துரை சொல்லாமல் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை ஆடிட்டர் பத்தாம் கதவுக்கு வந்தாள். சின்னப் பெண், செம்பட்டை முடி, மூக்கு குளிரில் சிவந்திருந்தது. கையில் இரண்டு ஸ்லிப். பக்கத்தில் பெனிஷ். கன்னம் உள்ளே போயிருந்தது. சவரம் செய்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு, அதில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்ததை அவன் எடுக்க மறந்திருந்தான். ஜெயசெல்விக்கு அதைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

இது உங்கள் கையெழுத்துதானே என்று அந்தப் பெண் இங்கிலீஷில் கேட்டாள்.

"யெஸ்."

இந்த டிரெய்லர்களை டெக்சாஸ் கஸ்டமரின் டிரைவர் வந்து எடுத்துக்கொண்டு போனதை நீங்கள் பார்த்தீர்களா?

பெனிஷ் சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னான், "மயினி, ஆமான்னு சொல்லுங்க. உங்க தங்கச்சிய நெனச்சுக்கோங்க மயினி."

ஃபோர்க்லிப்ட் பின்னால் போகும்போது கத்துகிற பீப் பீப் சத்தம் கேட்டு அடங்கியது. அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் உங்களை என்னவோ சொல்லிக் கூப்பிட்டாரே, மய்-னி, அது என்ன, என்றாள்.

ஜெயசெல்வி பெனிஷைப் பார்த்தாள். அவன் கண்ணில் அவள் அதுவரை பார்க்காத ஒரு கெஞ்சல். இரண்டு வருஷம் அந்தக் கண் இந்தக் கதவைக் கடந்து போனது. இப்போது நிற்கிறது.

தன் உடைந்த இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள்: "அது பெயர் இல்லை மேடம். மனைவியின் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். நான் இவர் மனைவியின் அக்கா."

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. அந்த ஒரு விஷயம் எந்த ஃபார்மிலும் இல்லை. அவள் பெனிஷை ஏறிட்டுப் பார்த்தாள்.

"டெக்சாஸ் டிரைவர் யாரும் வரவில்லை" என்றாள் ஜெயசெல்வி. "வராமலே வந்தார் என்று கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. டிரெய்லர்கள் ரூட் ஒன் தர்ட்டியில் நிற்கின்றன. பத்து நிமிஷம்தான். நான் காட்டுகிறேன்."

மதியம் அந்த லாட்டில் சீல்களை வெட்டியதும் அவள்தான். ஒன்பதாவது கதவு திறந்ததும், உள்ளே மூலையில் பச்சை டேப் மூன்று சுற்று. ஆடிட்டர் அதைப் படம் பிடித்தாள். பெனிஷ் தன் காருக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பனங்கற்கண்டு ஊறும் என்று ஜெயசெல்வி காத்திருந்தாள். வாயில் குளிர்தான் இருந்தது.

அன்று ராத்திரியே ஸ்டெஃபியிடமிருந்து ஒரு வரி வந்தது: 'பொறாமைலதான சொன்ன?'

ஜெயசெல்வி நாலைந்து பதில் எழுதி அழித்தாள். கடைசியில் 'ஆமா' என்று மட்டும் அனுப்பினாள். பிறகு, 'ஆனா வண்டி அங்கதான நின்னுச்சு' என்று இன்னொன்று. அதற்குப் பதில் வரவில்லை.

கம்பெனி ஜூனிலிருந்து சொன்ன லாபத்தையெல்லாம் திருத்திச் சொல்ல வேண்டி வந்தது. ஷேர் பாதிக்கும் கீழே போனது. பெனிஷின் சம்பாத்தியத்தில் முக்கால்வாசி அந்த ஷேர்தான். வேலை போயிற்று, வக்கீல்கள் வந்தார்கள். மார்ச்சில் ஜெயசெல்வியையும் ஆள் குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் ஒரு டேகேரில் பிள்ளைகளுக்குச் சோறூட்டப் போனாள். பால்துரை ஒரு வக்கீலிடம் போய், அவள் தானாகவே ஒத்துக்கொண்டதைக் காகிதத்தில் எழுதி வாங்கி வைத்தார். கிரீன் கார்டு ஃபைல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சபையில் சகோதரிகள் இரண்டு பேரும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மே மாதம் ஸ்டெஃபி வீட்டை விற்றார்கள். பிள்ளைகள் பள்ளி மாறக்கூடாது என்று அதே ஊரில் வாடகைக்குப் பார்த்ததில் கிடைத்தது ஜெயசெல்வியின் அபார்ட்மெண்ட் வளாகம்தான். எதிர் பிளாக், தரைத்தளம்.

சாமான் இறக்கிய அன்று பால்துரை கூப்பிடாமலே போய் சோஃபாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை பெனிஷ். "பாத்து அண்ணாச்சி, படி இருக்கு" என்றான் அவன். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. ஜெயசெல்வி மேலே ஜன்னலில் நின்று பார்த்தாள். ஐஸ் கொட்டுகிற ஃபிரிட்ஜ் வரவில்லை.

பால்துரை வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார்.

"எப்டி இருக்கு வீடு?" என்றாள், கேட்காத மாதிரி.

"நம்ம வீடு மாதிரிதான். சின்னது." தண்ணீர் குடித்தார். "என்ன, அந்த பிளாக்க புதுசாக்கிருக்காவளா, உள்ளயே வாஷர் டிரையர் வச்சிருக்கு. காசு போட வேண்டாம்."

ஜெயசெல்வியின் நெஞ்சுக்குள் அந்த எரிச்சல் வந்துவிட்டது. பழைய ஆள், பழைய வழியிலேயே. பதினோரு வருஷம் கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி, குவார்ட்டர் தேடி, அடுத்தவள் துணி முடியும் வரைக்கும் காத்து நின்றது இவள். இன்று வந்தவளுக்கு வீட்டுக்குள்ளேயே மெஷின்!

"பாத்தியளா?" என்றாள் மூச்சு வாங்க. "எங்கன போனாலும் அவளுக்குத்தான்! எல்லாம் போயி வந்தாலும் அவளுக்குத்தான்!"

பால்துரை அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளுக்கு உதடு துடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

விறுவிறுவென்று உள்ளே போய் அழுக்குத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். படியிறங்கினாள். கீழ்த்தளத்துக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல், வெயிலில் புல்தரையைக் கடந்து எதிர் பிளாக்குக்குப் போனாள். கை நிறையக் கூடை. காலால்தான் கதவைத் தட்ட முடிந்தது.

ஸ்டெஃபி திறந்தாள். அக்காவைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். தலைமுடியில் பெட்டித் தூசி. 

"மெஷின் இருக்காம்லா" என்றாள் ஜெயசெல்வி.

ஸ்டெஃபி வாசலை விட்டு விலகினாள். திரும்பி உள்ளே நடந்தாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து மெஷின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"வெள்ளத் துணிய மொதல்ல போடுக்கா" என்றது குரல்.